விசாரணை என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி

(சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



தன் பகைவரெனச் சந்தேகிக்கும் மக்களை ஓர் அரசு சித்திரவதை செய்யலாமா என்பதே இன்று நம்மைப் பேசுமாறு பணித்திருக்கும் பொருள். ஆகாது என்ற ஒரே சொல்லில் விடை பகர்ந்துவிட்டு நாம் அமர்ந்துவிடலாம். அதனை மறுப்போர் இம்மண்டபத்தில் ஒருவரும் இரார். ஆயினும் எந்த அரசும் ‘யாம் வதைக்கிறோம்’ என்று முரசறைந்து வதைப்பதில்லை. ‘நாட்டைக் காக்கிறோம், குண்டுக்கு இரையாகவிருக்கும் குழந்தைகளைக் காக்கிறோம், வேறு வழி எமக்கில்லை’ என்று சொல்லியே அது வதைக்கிறது. சொல்வோரும் எப்போதும் கொடியவராக இருப்பதில்லை. படித்தவர், பண்புடையவர், தம் பிள்ளைகளிடம் அன்புடையவர் பலரும் இவ்வாதத்துக்குத் தலையசைத்திருக்கின்றனர். ஆகவே அவ்வாதத்தை அது மிகவும் வலுவுடன் நின்ற இடத்திலேயே சென்று சந்திப்பது நம் கடமையாகும்.

அந்த இடம் அல்ஜீரியா நாட்டின் தலைநகராகிய அல்ஜியர்ஸ். காலம் 1957ஆம் ஆண்டு.

நம் வீட்டுக் கதை இருக்க ஊரார் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தன் புண்ணைப் பற்றிப் பேசுபவனை ‘நோவினால் மிகைப்படுத்துகிறான்’ என்று ஒதுக்கிவிடுவது உலக வழக்கம். அன்றியும், அல்ஜியர்ஸில் நடந்ததைச் செய்தவர்களே பிற்காலத்தில் எழுதிவைத்தார்கள். அந்நாட்டுத் தலைவரே அரசின் பெயரால் ஒப்புக்கொண்டார். அங்கே ஐயத்துக்கு இடமில்லை. அதனாலேயே அதனை எடுத்துக்கொண்டோம். முடிவில் நம் வீட்டுக்கும் வருவோம்.

1830ஆம் ஆண்டு தொடங்கி அல்ஜீரியாவைப் பிரான்சு ஆண்டுவந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போரைத் தொடங்கிற்று. அவர்கள் கைகளும் தூய்மையானவை என்று நாம் கூற வரவில்லை. 1956 செப்டெம்பர் 30ஆம் நாள் அல்ஜியர்ஸ் நகரின் இரண்டு சிற்றுண்டிச் சாலைகளில் அவர்கள் வைத்த குண்டுகள், போருக்கும் தமக்கும் தொடர்பற்ற இளைஞரையும் பெண்களையும் சிதைத்தன. அதனைக் கண்டு ஒரு நகரமே நடுங்கியது. 1957 ஜனவரியில் ஜெனரல் மாசு என்பாரின் தலைமையிலிருந்த பத்தாவது பரசூட் படைப்பிரிவிடம் நகரின் பொலிஸ் அதிகாரம் முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தோர் சர்வாதிகாரிகளல்லர், தேர்தலில் வென்று வந்த சோசலிஸ்டுக் கட்சியினர். பிரான்சு ஜெர்மனிய நாசிகளின் பிடியிலிருந்து விடுபட்டு அப்போது ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன.

பின்னர் நடந்தவற்றை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. மின்சாரமும் தண்ணீரும் கயிறும் பயன்பட்டன என்று சொன்னால் போதும். நள்ளிரவில் கதவு தட்டப்படும். ‘விசாரணைக்கு’ என்பார்கள். விடிந்தபின் மனைவியோ தாயோ முகாமுக்கு முகாம் அலைவாள். ‘இங்கே அப்படி ஒருவர் இல்லை’ என்ற விடையே கிடைக்கும். இதனைக் கேட்கும்போது உங்களிற் சிலர் தலை குனிவதை நாம் காண்கிறோம்.

ஆன்றி அலெக் என்ற பத்திரிகை ஆசிரியர் 1957 ஜூன் 12ஆம் நாள் கைதானார். ஒரு மாத காலம் தமக்கு நேர்ந்தவற்றைச் சிறையிலிருந்தே எழுதினார். தாள்கள் சட்டத்தரணிகள் வழியாக இரகசியமாக வெளியேறின. 1958 பெப்ரவரியில் பாரிஸ் நகரில் அது நூலாக வந்தது. மறு மாதமே அரசாங்கம் அதனைக் கைப்பற்றியது. அதற்குள் 60,000 பிரதிகளுக்கு மேல் விற்பனையாகிவிட்டன. அந்நூலின் பெயர் ‘கேள்வி’. ஏன் அப்பெயர்? மன்னராட்சிக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டத்தில், வாக்குமூலம் பெறுவதற்காக ஒருவனை வதைப்பதற்கு ‘கேள்வி’ என்றே பெயர். பதினாறாம் லூயி மன்னன் 1780இலும் 1788இலும் அதனை ஒழித்தான். புரட்சியில் எந்த மன்னனின் தலை உருண்டதோ அந்த மன்னன் ஒழித்ததை, அப்புரட்சியின் வாரிசென்று தன்னை அழைத்துக்கொள்ளும் குடியரசு 169 ஆண்டுகளின் பின் மீட்டெடுத்தது.

நம் மொழியிலும் ‘விசாரணை’ என்ற சொல்லுக்கு இதே கதி நேர்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். ஆராய்தல், தீர நினைத்தல், நலம் கேட்டல் என்பனவெல்லாம் அச்சொல்லின் பொருள்கள். நோயுற்றவரை ‘விசாரித்துவிட்டு’ வருகிறோம். கோயிலிலே ‘விசாரணை’ என்றால் மேற்பார்வை. அத்துணைக் கனிவுடைய சொல்லைக் கேட்டதும் இன்று நம் தாய்மாருக்கு வயிறு கலங்குகிறதென்றால், அச்சொல்லைக் கெடுத்தவர் யாவர்?

இங்கேதான் நாம் சொல்லவந்த கருத்து இருக்கின்றது. சித்திரவதை என்பது கடுமையான விசாரணையன்று. விசாரணையே இல்லாமற் செய்வது அது. ஒருவன்மீது ஐயம் எழுகிறது. ஐயம் தவறாகவும் இருக்கலாம். அதனாலன்றோ அதனை ஐயம் என்கிறோம்! அதனைத் தீர்த்துக்கொள்ளவே விசாரணை. ஆனால், ‘எனக்குத் தெரியாது’ என்று அவன் சொல்லும்போது வதைப்பவன் என்ன செய்வான்? உண்மையிலேயே தெரியாதவனும் அதையே சொல்வான். தெரிந்து மறைப்பவனும் அதையே சொல்வான். இருவரையும் பிரித்தறிய வதைப்பவனிடம் ஒரு வழியும் இல்லை. ஆகையால் இருவரையும் வதைக்கிறான். அஞ்சா நெஞ்சமுடையவன் வாய் திறவாது இறக்கிறான். அப்பாவியோ வலி தாளாமல் அண்டை வீட்டானின் பெயரைச் சொல்கிறான். மறுநாள் இரவு அண்டை வீட்டுக் கதவு தட்டப்படுகிறது.

பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனை விசாரியாது கொன்ற பாண்டியனின் கதையை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். அவன் செய்த பிழை ஒரு நொடியில் நிகழ்ந்தது. காவலருக்கு ஒரு சொல். உண்மை தெரிந்தபோது அவன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் விட்டான். அல்ஜியர்ஸிலே அரியணையிலிருந்து எவரும் வீழவில்லை. பொய்கள் மட்டுமே பிறந்தன. முன்னணியின் தலைவருள் ஒருவரான லார்பி பென் முகிதி 1957 மார்ச்சில் சிறைக்காவலில் இறந்தார். ‘தற்கொலை’ என்றது அரசு. அதே மாதத்தில் அலி பூமெஞ்சல் என்ற சட்டத்தரணி உயரமான கட்டடத்திலிருந்து எறிந்து கொல்லப்பட்டார். அதற்கும் ‘தற்கொலை’ என்றே அறிவித்தனர். மொறிஸ் ஓடன் என்ற 25 வயதுக் கணித விரிவுரையாளர், மூன்று குழந்தைகளின் தந்தை, ஜூன் 11ஆம் நாள் கைதானார். பத்து நாட்களின் பின் ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றனர். வதைப்பதற்கு ஒரு சிறு அறை போதும்; அதனை மறைப்பதற்கோ ஓர் அரசாங்கம் முழுவதும் வேண்டியிருக்கிறது.

பூமெஞ்சலுக்குச் சட்டம் கற்பித்தவர் ரெனே கப்பித்தான் என்ற பேராசிரியர். தம் மாணவன் இறந்த செய்தி கேட்டதும், இத்தகைய செயல் நடக்கும் நாட்டில் தம்மாற் சட்டம் கற்பிக்க இயலாதென்று பாரிஸ் பல்கலைக்கழகத்தில் தம் விரிவுரைகளை நிறுத்திவிட்டார். சட்டத்தரணி நண்பர்கள் இவரை நினைவிற் கொள்வார்களாக.

இனி, இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் உலுக்கிய மனிதரைப் பற்றிக் கூறுகிறோம். போல் தெய்த்சன் என்பது அவர் பெயர். அல்ஜியர்ஸ் நகரின் பொலிஸ் நிருவாகத்துக்குப் பொறுப்பான செயலாளர். புரட்சியாளரல்லர், பிரெஞ்சு அரசின் உத்தியோகத்தர். உலகப் போரின்போது நாசிகளின் இரகசியப் பொலிசார் அவரை நான்சி என்ற ஊரில் நிலவறையொன்றில் வதைத்திருந்தனர். பின் வதைமுகாமுக்கும் அனுப்பியிருந்தனர்.

1956 நவம்பரில் பெர்னாண்ட் இவெத்தன் என்ற தொழிலாளி ஒரு வாயுத் தொழிற்சாலையிற் குண்டுடன் பிடிபட்டான். இன்னொரு குண்டு வேறெங்கோ வைக்கப்பட்டிருக்கிறதென்றும், சில மணி நேரத்தில் அது வெடிக்குமென்றும் அதிகாரிகள் நம்பினர். ‘இவனை வதைத்தாவது இடத்தை அறியவேண்டும், அனுமதி தருக’ என்று தெய்த்சனிடம் வந்தனர். சித்திரவதையை ஆதரிப்போர் இன்றைக்கும் எடுத்துக்காட்டும் நிலை இதுதான் அல்லவா? ஒரு பக்கம் ஒருவனுடைய வலி. மறுபக்கம் பலருடைய உயிர். தெய்த்சன் மறுத்தார். அன்று பிற்பகல் முழுவதும் தாம் நடுங்கிக்கொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். குண்டு வெடிக்கவில்லை.

அது வெடித்திருந்தால்? நேர்மையுடையோர் இவ்வினாவிலிருந்து தப்பி ஓடலாகாது. வெடித்திருந்தால் அவர் இறுதிவரை அந்தத் துயரைச் சுமந்திருப்பார்; நாமும் அவருடன் சேர்ந்து சுமக்க வேண்டியவர்களே. ஆயினும் அவர் செய்தது சரி என்றே நாம் கூறுவோம். ஏனெனில், ‘இந்த ஒருமுறை மட்டும்’ என்று அனுமதித்தவர்கள் எவரும் ஒருமுறையோடு நின்றதாக வரலாறு இல்லை. 1955 மார்ச்சிலேயே வில்லோம் என்ற மேலதிகாரி, தண்ணீர்க் குழாயையும் மின்சாரத்தையும் அளவோடு பயன்படுத்தினால் அவற்றை அனுமதிக்கலாமென்று அறிக்கை சமர்ப்பித்திருந்தார். ஆளுநர் அதனை ஏற்கவில்லை. ஏட்டில் ஏற்காத ஒன்று, ஈராண்டுக்குள் ஒரு நகரம் முழுவதற்கும் வழக்கமாயிற்று. அளவோடு வதைத்தலாம்! வரம்பை ஒரு முழம் வெட்டிவிட்டு ‘அளவோடு பாய்’ என்று வெள்ளத்திடம் சொல்லும் கமக்காரன் நம் ஊர்களில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தெய்த்சன் மறுத்தும் பொலிசார் இவெத்தனை வதைத்தே விட்டனர். தொழிலாளர் வீடு சென்றபின் வெடிக்குமாறே அவன் தன் குண்டின் நேரத்தைக் குறித்திருந்தான். அதனால் ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் 1957 பெப்ரவரி 11ஆம் நாள் அவனது தலை வெட்டப்பட்டது.

மறு மாதம் 24ஆம் நாள் தெய்த்சன் பதவி விலகல் கடிதம் எழுதினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான்சியின் நிலவறையில் தாம் பட்ட வதையின் தழும்புகளைத் தடுப்பு முகாமிலுள்ளோர் உடலில் கண்டதாக அதிற் குறிப்பிட்டார். மேலிடத்தார் வேண்டியதால் சில மாதங்கள் தங்கினார். தங்கிய காலத்தில் ஒரு வேலை செய்தார்; எண்ணினார். ஏறக்குறைய 24,000 பேரைத் தடுத்துவைக்கும் ஆணைகளில் அவர் கையொப்பமிட்டிருந்தார். அவர்களுள் 3,024 பேர் எங்கே என்பதற்குக் கணக்கு இல்லை என்று கண்டார். இத்தொகையைப் பற்றி வரலாற்றாசிரியரிடையே விவாதம் உண்டு. நம்மை ஈர்ப்பது தொகையன்று; தன் கையொப்பம் எங்கே போய் முடிந்ததென்று தேடிப் பார்த்த ஓர் உத்தியோகத்தர் இருந்தார் என்பதே. கச்சேரிகளிலும் திணைக்களங்களிலும் கையொப்பமிடும் அன்பர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் பதவியைத் துறந்தார்.

படையிலும் ஒருவர் இருந்தார். ஜெனரல் தெ பொலார்தியேர் என்ற வீரர் இம்முறைகளை ஏற்க மறுத்துத் தம்மைப் பதவியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டார். அவருக்குக் கிடைத்தது 60 நாள் கோட்டைச் சிறை. வதைத்தவர்களுக்கோ, போர் முடிந்த 1962ஆம் ஆண்டிலும் பின்னர் 1968இலும் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. ஒசாரெஸ் என்ற ஜெனரல், பென் முகிதியைத் தாமே தூக்கிலிடுவித்ததாக 2001இல் நூல் எழுதினார். நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. கொன்றதற்காக அன்று, அத்தகைய செயல்களை நியாயப்படுத்தி எழுதியதற்காக!

ஜெனரல் மாசு மின்சார வதையைத் தம்முடலிலேயே சோதித்துப் பார்த்ததாகவும் அது தாங்கக்கூடியதே என்றும் கூறிவந்தார். தாங்கக்கூடியதுதான்; ‘போதும்’ என்றதும் நிறுத்துவதற்குத் தம் படைவீரன் நிற்கும்போது எதுதான் தாங்கக்கூடியதன்று? அதே மாசு தொண்ணூறு வயதைக் கடந்தபின், 2000ஆம் ஆண்டில், சித்திரவதை இன்றியமையாததாக இருக்கவில்லை, வேறு வகையிலும் செய்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிந்தி வந்த ஞானம்.

வைத்திய நண்பர்களுக்கும் இதிற் பங்குண்டு. அலெக் வாய் திறவாதபோது, மயக்க ஊசி ஏற்றிப் பேசவைக்க முயன்றவர் ஒரு வைத்தியர். வேறொரு வைத்தியரும் அந்நாட்டிலே இருந்தார். பிரான்ஸ் பனோன் என்ற மனநோய் மருத்துவர். வதைக்கப்பட்டோரும் அவரிடம் வந்தனர், வதைத்தோரும் வந்தனர். வீட்டில் மனைவியையும் குழந்தைகளையும் அடித்துத் துன்புறுத்தத் தொடங்கிவிட்ட ஒரு பொலிஸ் அதிகாரி வந்ததை அவர் 1961இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்த அதிகாரி வேலையை விட விரும்பவில்லை. மனம் கலங்காமல் தொடர்ந்து வதைப்பதற்கு மருந்து கேட்டான்.

வெற்றி கிட்டிற்றா என்று கேட்பீர்கள். 1957 ஒக்டோபருக்குள் அல்ஜியர்ஸின் குண்டுக் குழுக்கள் முறியடிக்கப்பட்டன என்பது உண்மை. 1961 ஏப்ரலில் அதே பரசூட் படையின் ஒரு பகுதியினர் தம் அரசாங்கத்துக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தனர் என்பதும் உண்மை. 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது என்பதும் உண்மை. ஆனால் பயன் தரவில்லை என்பதால் வதை தீது என்று வாதிக்க நாம் உடன்படோம். அப்படி வாதித்தால், பயன் தரும் நாளில் அது நன்றாகிவிடும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் நிலவரி அறவிடுவதற்காகக் குடியானவர்களை வதைப்பதைப் பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு 1855இல் அறிக்கை வெளியிட்டது. விரல்களை மரச் சட்டங்களுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, கழுத்தைக் காலோடு பிணித்து வெயிலில் குனிய வைத்தல் ஆகியவையெல்லாம் அதிற் பதிவாயின. பொலிசாரும் குற்ற ஒப்புதல் பெறுவதற்கு இவற்றையே கையாண்டனர் என்பதும் தெரியவந்தது. இத்தகைய அனுபவங்களின் பின்னரே, பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை வழக்கிற் சான்றாகக் கொள்ளலாகாது என்ற விதி இந்தியச் சட்டத்திற் புகுந்தது. 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக இலங்கைக்கும் வந்தது. அயலான் ஆட்சியிலே, தமிழ்க் கமக்காரனின் நெரிந்த விரல்களும் சேர்ந்து பெற்றுத்தந்த விதி அது.

அதனை அகற்றியவர்கள் நம் நாட்டவர். 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின், 1972இல் இயற்றப்பட்ட குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் முதலில் அவ்வேலியை வெட்டியது. அன்று அதன் வழியே இழுத்துச் செல்லப்பட்டோர் பெரும்பாலும் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர். அடுத்து 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் செல்லும் என்றது. வற்புறுத்திப் பெற்றார்கள் என்று நிரூபிக்கும் பாரத்தையும் கைதியின் தலையிலேயே வைத்தது. பூட்டிய அறைக்குள் நிகழ்ந்ததை வெளியே வந்து எவ்வாறு நிரூபிப்பது? 1993இல் கைதான, தமிழ் மட்டுமே அறிந்த ஓர் இளைஞருக்கு, சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலமொன்றையே சான்றாகக் கொண்டு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. இந்த நிரூபணப் பாரம் முறையற்றதென்று 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு தீர்மானித்தது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

இதே நாட்டில் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 11ஆம் உறுப்புரையிற் சித்திரவதையைத் தடுக்கிறது. 1994ஆம் ஆண்டின் சட்டம் வதைத்தவனுக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை என்கிறது. ஒரு சட்டம் தடுக்க, மற்றொரு சட்டம் அதன் பலனை ஏற்றுக்கொள்கிறது. களவெடுக்காதே என்று பலகை நாட்டிவிட்டுக் களவுப் பொருளை வாங்கும் கடை வைப்பது போன்றது இது.

பிறரைக் குறை கூறும் வாயால் நம்மையும் கூறவேண்டும். நம்மிடையே எழுந்த ஆயுத இயக்கங்களும் தம் சந்தேகத்துக்கு உள்ளான தமிழரை இருட்டறைகளில் அடைத்து வதைத்தன. ‘துரோகி’ என்ற ஒரு சொல் அவர்களுக்குப் போதுமாயிருந்தது. அதனை அறிந்தும் வாய் மூடியிருந்தோருள் நாமும் அடங்குவோம். அல்ஜீரியாவிலும் இதுவே நிகழ்ந்தது. சுதந்திரம் கிடைத்து மூன்று ஆண்டுகள் சென்றதும், 1965இல், பசீர் அச் அலி என்ற பொதுவுடைமைத் தலைவரை அவருடைய சொந்த நாட்டு அரசே வதைத்தது. அவரும் அலெக்கைப் போலவே சிறையிலிருந்து எழுதினார். பாரிஸில் அலெக்கின் நூலை வெளியிட்ட அதே பதிப்பகமே அவர் நூலையும் வெளியிட்டது.

மொறிஸ் ஓடனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி இடையில் விட்டோம். அவர் கணிதத்தில் எழுதியிருந்த ஆய்வு, அவர் இல்லாமலே 1957 டிசெம்பர் 2ஆம் நாள் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பரிசீலிக்கப்பட்டது. வராத மாணவனுக்கு ஆசிரியர்கள் கலாநிதிப் பட்டம் அளித்தனர். அவருடைய மனைவி ஜோசெத் அம்மையார் மூன்று குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டு, ஒரே கேள்வியை ஓர் அரசின்பின் ஓர் அரசாகக் கேட்டுவந்தார். 2018 செப்டெம்பர் 13ஆம் நாள் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் அம்மூதாட்டியின் வீடு தேடி வந்தார். உம் கணவரை அரசின் படையினரே வதைத்தனர், அதனால் அவர் இறந்தார் அல்லது கொல்லப்பட்டார், அதற்கு இடமளித்தது அரசு ஏற்படுத்திய முறையே என்று எழுதிய தாளை அவர் கையிற் கொடுத்தார். அறுபத்தொரு ஆண்டுகளின் பின் வந்த தாள். ஐந்து மாதங்களில் அம்மையார் மறைந்தார்.

2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நம் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தபோது கேட்டதும் அதே கேள்விதான். அவர்களுட் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டனர். மற்றவர்களின் பெயர்களையும் அவர்களுடைய பிள்ளைகள் அழைத்துச் செல்லப்பட்ட நாட்களையும் ஊர்தோறும் எழுதிவைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. எழுதத் தெரிந்த ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் இக்கூட்டம் முடிந்ததும் வாயிலிலுள்ள மேசையில் தம் பெயர்களைப் பதிந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.